எட்டு வார நாய்க்குட்டிக்குத் தடுப்பூசியைத் தவிர வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக்கில் என்ன இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறீர்கள், தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசி எந்தக் கிளினிக்கிலும் கிடைக்கும். டர்பன் பக்கம் நான் முதலில் கேட்கச் சொல்வது, "ரத்தத்தை இங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பீர்களா?" என்பதுதான்.

காரணம் உண்ணி. அது பரப்பும் பிலியரி, அதாவது பேபீசியா கிருமி, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உண்ணி கடித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குட்டி சாப்பாட்டைத் தொடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அதற்குள் உண்ணி விழுந்திருக்கலாம், எனவே "உடம்பில் ஒன்றும் இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள். காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினால் ஒரு நாள் போகலாம். வெளுத்த குட்டிக்கு அந்த ஒரு நாளே அதிகம்.

பிலியரிக்கு மருந்து டிமினாசீன் ஊசி. எடையை நிறுத்துத்தான் அளவு. பண்ணைக் கடையில் மாட்டுக்கு வாங்கிய பாட்டிலில் இருந்து குத்துமதிப்பாகப் போட்டால் அளவு மீறி, மூளையில் ரத்தம் கசிந்து நாய் தடுமாறி விழக்கூடும். 21 நாளுக்குள் மறுபடி போடுவதிலும் அதே ஆபத்து. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், அந்த வசதி இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

இனி தடுப்பூசி. பார்வோ, டிஸ்டம்பர் என்ற நாய் வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியை இப்போது தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி மிச்சமிருக்கும்வரை ஊசி பிடிக்காது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நடுவில் விட்டால் பணமும் போச்சு, குட்டிக்குக் காப்பும் இல்லை. வெறிநாய்க்கடி ஊசி சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் ஒன்று, அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் ஓயாததால் பல வெட்கள் வருடாவருடம் போடச் சொல்வார்கள், தப்பில்லை. அரசு கால்நடைத் துறை முகாம்களில் இது இலவசம். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கருத்தடையை ஆறு மாதம் வாக்கில் செய்யலாம். முந்தைய இரவிலிருந்து சாப்பாடு கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

திருடர்கள் இறைச்சியில் வைத்து வீசும் 'டூ ஸ்டெப்' கருப்புக் குருணை விஷம் இங்கே தெரிந்ததுதான். எச்சில் ஒழுகி, உடம்பு உதறும். பால், முட்டை, உப்புத்தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே கிளினிக்குக்கு ஓடுங்கள், போகும் வழியிலேயே போன் செய்யுங்கள். விஷத்தை முறிக்க அட்ரோபின் மருந்து ஏற்றுவார்கள். இது பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும் என்பதால், உங்கள் கிளினிக் மூடியபின் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அந்த எண்ணை இன்றே ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.