ஆர்.வி. கூரை வென்டுக்குக் கவர் போடலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். 2019 மாடல், 26 அடி டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, ஆர்.வி.யில் ஒரு வகை) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். கூரையில் மூன்று வென்ட் (காற்றுப் போக்கி): படுக்கைக்கு மேல் ஒன்று, சமையல் பக்கம் பெரிய ஃபேனோடு ஒன்று, குளியலறையில் சின்ன ஃபேனோடு ஒன்று. மூன்றுக்கும் கவர் போட்டால்தான் மழையில் ஒழுகாது, வெளியாள் போட்டால் வாரன்டி போய்விடும் என்கிறார் விற்ற டீலர். கவர், கூலி, 'ரூஃப் சீல் பேக்கேஜ்' எல்லாம் சேர்த்து 890 டாலர் கேட்கிறார். கவர் போட்டால் காற்றே வராது என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கவர் போடுங்கள். ஆனால் ஒழுகாமல் இருக்கும் என்று நம்பிப் போடாதீர்கள். 890 டாலர் கொடுத்தும் போடாதீர்கள்.

முதலில் எது மூடி, எது கவர் என்பதைப் பார்த்துவிடலாம். கூரையில் 14-க்கு 14 அங்குலத் துளை இருக்கும். அதைச் சுற்றி ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின் தட்டையான விளிம்பைக் கூரையோடு திருகி, திருகுத் தலைகள் மறையும்படி சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) பூசியிருப்பார்கள். உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றினால் மேலே எழும்புகிறதே, அந்த மெல்லிய பிளாஸ்டிக்தான் மூடி. கவர் அதற்கும் மேலே, கூடையைக் கவிழ்த்த மாதிரி உட்காரும். மூடி திறந்திருந்தாலும் மழை உள்ளே விழாது. பின்பக்கத்துச் சாய்வுப் பட்டைகள் வழியாகக் காற்று போய்வரும். அதன் வேலை இவ்வளவுதான்.

ஹூஸ்டன் மாதிரி ஊரில் அதுவே பெரிய உதவி. மழைக்குப் பயந்து மூன்று வென்டையும் மூடிவிட்டு டிரெய்லரை ஒரு மாதம் வெயிலில் நிறுத்தினால், உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து மெத்தைக்கு அடியில் பூசணம் பிடிக்கும். கவர் இருந்தால் மூடியை இரண்டு அங்குலம் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம். சமைக்கும்போது இன்னும் முக்கியம். கேஸ் அடுப்பு எரியும்போது வென்ட் திறந்திருந்தாக வேண்டும். வெளியே மழை பெய்கிறது என்று மூடிக்கொண்டு சமைப்பது கார்பன் மோனாக்சைடைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. மூன்றாவது லாபம், மூடிக்கு வெயில் படாது. டெக்சாஸ் வெயிலில் இந்த மெல்லிய பிளாஸ்டிக் சில வருடங்களிலேயே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு ஆலங்கட்டி மழை போதும், தலைக்கு மேல் ஓட்டைதான்.

இனி ஒழுகுவது பற்றி. ஆர்.வி. வென்டில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் மூடி வழியாக இல்லை, சட்டத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள சீலன்ட் வழியாகத்தான். அந்த இடத்தைக் கவர் பாதுகாக்காது, மறைக்கத்தான் செய்யும். கவர் போட்டவர்கள் "அதான் மூடியாச்சே" என்று கூரைப் பக்கமே போவதில்லை. இரண்டு வருடம் கழித்து உள்கூரையில் பழுப்பு வட்டம் தெரியும்போது பலகை ஊறிப் போயிருக்கும். கவரில் இருக்கிற மிகப் பெரிய குறை இதுதான்.

அதனால் கவர் வாங்குவதற்கு முன் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். நல்ல சீலன்ட் ரப்பர் மாதிரி மிருதுவாக, விளிம்போடு ஒட்டி இருக்கும். கெட்டது வறண்ட குளத்து மண் போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும், திருகுத் தலை வெளியே எட்டிப் பார்க்கும், நகத்தால் நெம்பினால் பட்டையாக எழும்பி வரும். விளிம்பைச் சுற்றி ஓரடி தூரத்துக்குக் கையால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே பலகை அழுகிவிட்டது என்று பொருள். அப்படியானால் கவர் பேச்சை விட்டுவிட்டுக் கூரையைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். அடுத்து, மூடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் ஒட்டினால் அந்த மூடிக்கு ஆயுள் முடிந்தது. கவர் போடும் முன்பே மாற்றிவிடுங்கள். மூடிகளின் கீல் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் (வென்ட்லைன், எலிக்சர், ஜென்சன் என்று), ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. பழைய கீலைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உங்கள் டீலர் சொன்னதற்கு வருகிறேன். சாதாரண கவர் ஒன்று பொதுவாக 30 முதல் 60 டாலருக்குக் கிடைக்கும். பெரிய ஃபேனுக்கான கவர் அதைவிடக் கூடுதல். ஒரு ஆள் மூன்றையும் அரை நாளில் போட்டுவிடலாம். மீதிப் பணம் எல்லாம் 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குத்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பேக்கேஜில் என்ன சீலன்ட், எத்தனை ட்யூப், எந்தெந்த இடத்தில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

வாரன்டி மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்டிச் சட்டம், குறிப்பிட்ட கம்பெனிப் பொருளை வாங்கினால்தான், குறிப்பிட்ட ஆளிடம் வேலை செய்தால்தான் வாரன்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நீங்கள் போட்ட கவரால்தான் சேதம் வந்தது என்றால் அந்தச் சேதத்துக்கு மறுக்கலாம், மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. ஆனால் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் 'எக்ஸ்டெண்டட்' திட்டம் என்பது சர்வீஸ் ஒப்பந்தம், வாரன்டி இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் 'தண்ணீர்ச் சேதம் நீங்கலாக' என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இந்தத் தொழிலின் நடைமுறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூரை ஷீட்டுக்குப் பத்து, பன்னிரண்டு வருட உத்தரவாதம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அது ஷீட்டுக்கு மட்டும். ஓரங்களில் பூசிய சீலன்ட் உங்கள் பொறுப்பு, 90 நாளுக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று கையேட்டின் நடுவில் எங்கோ ஒரு கட்டத்துக்குள் இருக்கும். விற்கும்போது யாரும் அதை வாய் திறந்து சொல்வதில்லை. ஒழுகிய பிறகு முதலில் கேட்பது மட்டும் "பராமரித்தீர்களா, ரசீது எங்கே" என்றுதான். ஆகவே ஒவ்வொரு தடவையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

யார் போட்டாலும் இரண்டு விஷயத்தில் கண் வையுங்கள். ஒன்று, சீக்கிரம் முடியட்டும் என்று கவரை நேரே கூரையில் திருகுவார்கள். கூடாது. ஒழுகாத கூரையில் கவருக்கு நான்காக மூன்று வென்டுக்குப் பன்னிரண்டு புதுத் துளை எதற்கு? இரண்டு, ஹார்டுவேர் கடை சிலிக்கானைப் பூசுவார்கள். ஈ.பி.டி.எம். (ஒரு வகை ரப்பர்), டி.பி.ஓ. (ரப்பர் போன்ற ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட் போட்ட கூரைகளில் சிலிக்கான் சரியாக ஒட்டாது. பிறகு நல்ல சீலன்டைப் பூசினாலும் சிலிக்கான் மேல் அது பிடிக்காது, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டைகோர் மாதிரி ஆர்.வி. கூரைக்கென்றே வரும் லேப் சீலன்டில் தானே பரவி மட்டமாகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வென்டுக்கு ஒரு ட்யூப் என்று கணக்கு. நன்றாக ஒட்டியிருக்கும் பழையதை நோண்ட வேண்டாம். எழும்பியதை மட்டும் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் மேலே பூசுங்கள். பெட்ரோல், டர்பன்டைன் எதுவும் ரப்பரில் படக்கூடாது, உப்பிவிடும்.

நீங்களே போடுவதாக இருந்தால், காற்றில்லாத காலை நேரம் நல்லது. கூரை ஆள் நடக்கத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். தாங்கும் என்றாலும் ஒரு பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் முட்டி போடுங்கள். கிட்டில் எல் வடிவ பிராக்கெட் நான்கு வரும். இவை சட்டத்தின் நிமிர்ந்த பக்கச் சுவரில் மாட்ட வேண்டியவை, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. துளை போடும் முன் பிராக்கெட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒருவரை விட்டு மூடியை முழுதாக மூடச் சொல்லுங்கள். பிராக்கெட் கொஞ்சம் மேலே ஏறினாலும் மூடியின் விளிம்பு அதில் இடித்து, கடைசிக் கால் அங்குலம் மூடாமல் நின்றுவிடும். இது அடிக்கடி நடக்கிற தவறு. பிறகுதான் குறி போட்டுத் துளைக்க வேண்டும். துளைத்த உலோகத் துகளை ஒன்று விடாமல் கூட்டி எடுங்கள். காலில் மிதிபட்டால் ரப்பரைக் கிழிக்கும்.

கவரின் சாய்வுப் பட்டைகள் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று உள்ளே புகுந்து கவரையே பிய்த்தெறியும். கவரின் அடிவிளிம்பு கூரையில் அழுந்தக் கூடாது. அழுந்தினால் ஓடும்போது உரசி ஷீட்டைத் தேய்க்கும், தண்ணீரும் தேங்கும். நட்டைக் கையால் முடிந்தவரை முறுக்கி, ஸ்பேனரில் ஒரு கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். முதல் 100 மைல் ஓடிய பின் நான்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.

போடவே கூடாத இடம் ஒன்று உண்டு. படுக்கைக்கு மேல் இருக்கும் வென்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வென்ட்தானா, அவசர வழியா? பெரும்பாலான டிரெய்லர்களில் அவசர வழி சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னலாக இருக்கும். சிலவற்றில் அது கூரையிலேயே இருக்கும். பார்த்தால் வென்ட் மாதிரிதான் தெரியும். அளந்து பாருங்கள்: 14 அங்குலச் சதுரமாக இருந்தால் வென்ட், ஆள் நுழையும் அளவுக்குப் பெரியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சிவப்புக் கைப்பிடி இருக்கிறதா, 'எக்சிட்' என்ற எழுத்து எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கலாம், கைப்பிடியை மாற்றியிருக்கலாம், ஆகவே அளவையும் கையேட்டையும் நம்புங்கள். படுக்கையறை ஜன்னல் எதுவும் ஆள் வெளியேறும்படி திறக்கவில்லை என்றால், கூரையில் இருப்பதுதான் அந்த வழியாக இருக்கக்கூடும். அதன் மேல் போல்ட் போட்ட கவரை மாட்டினால், சமையல் பக்கம் தீப்பிடித்த இரவில் உள்ளே படுத்திருப்பவர்களுக்கு வெளியேற வழி இருக்காது. 'மூன்றுக்கும் கவர்' என்று பேக்கேஜ் விற்பவர் இதைப் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ஃபேன் இல்லாத வென்டிலும் குளியலறைச் சின்ன ஃபேனிலும் கவரால் காற்று குறைவது பெரிதாகத் தெரியாது. சமையல் பக்கத்துப் பெரிய ஃபேன் நிமிடத்துக்கு 900 கன அடிக்கு மேல் இழுக்கும் ரகமாக இருந்தால், சின்னக் கவருக்குள் அதன் மூடி முழுதாக எழும்பாது, இழுவையும் போய்விடும். அதற்கு ஃபேன்மேட், அல்ட்ரா பிரீஸ் போன்ற பெரிய கவர்தான் வேண்டும். ஃபேன் மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் மாதிரி மழைத் தடுப்போடு வந்ததென்றால் கவரே தேவையில்லை. நம் தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சி வலையில் படிந்து அடைத்துக்கொள்ளும். கவரைப் பிடித்திருக்கும் பின்னை (ஊசியை) எடுத்துத் திறந்து மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். குளவி கூடு கட்டியிருந்தாலும் அப்போதே தெரியும்.

நிறம் என்றால், வெள்ளை வெளிச்சம் தரும், கறுப்பு இருட்டாக்கும். குளியலறைக்கு வெள்ளை. உயரம் பொதுவாக ஏ.சி.யை விடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் டேப் வைத்து அளந்து, மொத்த உயரத்தை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ஓடும்போது வென்டைத் திறந்து வைக்கலாம் என்று கவர் பெட்டியில் போட்டிருக்கும். தார்ச்சாலையில் சரி. சரளைச் சாலையில் இறங்கும் முன் மூன்றையும் மூடிவிடுங்கள். திறந்த வென்ட் உள்ளிருக்கும் காற்றை மேலே உறிஞ்சும், அந்த இடத்தை நிரப்பத் தரை இடுக்கு வழியாகப் புழுதி முழுவதும் உள்ளே வந்துவிடும்.