கோடிங் கோர்ஸுக்குக் காசு கட்டலாமா? அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, வயசு 31. பாலிடெக்னிக்ல லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா, சிங்கப்பூர் துவாஸ்ல கிடங்கு சூப்பர்வைசரா இருக்கேன். நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கல. ஒரு கோடிங் பூட்கேம்ப்ல மூணு மாசம் படிச்சா புரோகிராமர் ஆயிடலாம், எங்ககிட்ட படிச்சதுல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை கிடைச்சிருக்குங்கிறாங்க. ஃபீஸ் 12,000 சிங்கப்பூர் வெள்ளி. லோன் போட்டுக் கட்டலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: லோன் போட்டா? இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

முதல்ல அந்தத் தொண்ணூறு. எந்த நூறுல தொண்ணூறுன்னு கேளுங்க. பாதியிலேயே நின்னவங்கள நூறுக்குள்ள எண்ணினாங்களா, படிச்சு முடிச்சதும் அங்கேயே டீச்சிங் அசிஸ்டன்ட்டா வச்சுக்கிட்டவங்களையும் "வேலை கிடைச்சாச்சு"ன்னு சேர்த்துட்டாங்களா, ஹெல்ப்டெஸ்க் வேலையும் அந்தக் கணக்குல வருதா, இதையெல்லாம் கேட்டு எழுத்துல வாங்குங்க. எழுதித் தர யோசிச்சாங்கன்னா அதுவே பதில்தான். அமெரிக்காவுல லாம்டா ஸ்கூல்னு ஒண்ணு, பிறகு ப்ளூம்டெக்னு பேர மாத்திக்கிட்டாங்க, இப்போ காசு வேண்டாம், வேலை கிடைச்சதும் சம்பளத்துல 17 விழுக்காடு கொடுங்க, மொத்தம் 30,000 அமெரிக்க டாலர் வரைக்கும், இது கடனே இல்லன்னு சொல்லித்தான் ஆள் சேர்த்தாங்க. விளம்பரத்துல 71லேர்ந்து 86 விழுக்காடு பேருக்கு வேலைன்னு இருந்துச்சு. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்குல ஏறக்குறைய பாதிதான், சில நேரம் 30 வரைக்கும் இறங்கியிருக்குன்னு அங்க உள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரல்ல வெளியில போட்டு, இனிமே நீங்க யாருக்கும் கடனே கொடுக்கக் கூடாதுன்னு தடையும் போட்டுச்சு. எல்லா இடமும் இப்படின்னு நான் சொல்லல, நல்லா சொல்லிக் கொடுக்குற இடமும் இருக்கு, ஆனா விளம்பரத்துல வர்ற நம்பர மட்டும் நம்பி லோன் ஃபாரத்துல கையெழுத்து போடக் கூடாது.

இன்னொன்னு. எங்க ஆபீஸ்ல ஜூனியர் இன்டர்வியூன்னா நானும் உட்காருவேன். பூட்கேம்ப் முடிச்சு வர்றவங்க தாங்க எழுதின கோட போட்டு வைக்கிற கிட்ஹப் பக்கத்த திறந்தா பல பேருகிட்ட அதே மூணு ப்ராஜெக்ட்தான், டூ-டூ லிஸ்ட், வெதர் ஆப், ஒரு ஷாப்பிங் கார்ட். தப்பில்ல, படிக்கும்போது எல்லாரும் செய்றதுதான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, இந்த ஆர்டர் பட்டன ஒருத்தர் அவசரத்துல ரெண்டு தடவ அமுக்கிட்டா என்னாகும்? சொந்தமா மண்டைய உடைச்சுச் செஞ்சவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, ரெண்டு ஆர்டர் விழும், பட்டன லாக் பண்ணணும், அது மட்டும் பத்தாது சர்வர்லயும் செக் வைக்கணும்னு எப்படியோ வந்து சேர்ந்துடுவாங்க. வீடியோவ பாத்து அப்படியே டைப் பண்ணவங்க "அத எங்களுக்கு நடத்தல"ன்னு சொல்லிட்டுப் பேசாம உட்கார்ந்திருப்பாங்க, பாக்கவே பாவமா இருக்கும். இப்போ ஏஐயே கோட் எழுதித் தருது, அதனால இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் மதிப்பு கூடியிருக்கு.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி ஹார்வர்டோட சிஎஸ்50 பாடம் ஆன்லைன்ல இலவசமா இருக்கே, அத ஆரம்பிங்க. முதல் வாரம் ஸ்க்ராட்ச், கட்டைகள இழுத்து அடுக்கிப் புரோகிராம் செய்றது, விளையாட்டு மாதிரிதான் இருக்கும். அடுத்த வாரமே சி மொழி, மாரியோ விளையாட்டுல வர்ற மாதிரி ஹேஷ் (#) குறியாலேயே ஒரு பிரமிடு போடச் சொல்வாங்க. ஒரு ஸ்பேஸ் தள்ளிப் போய் பிரமிடு கோணலா நிக்கும், அத நேராக்க ஒரு சாயங்காலமே போயிடும். அப்போ எரிச்சல் வருதா, இல்ல சோறு ஆறுறதுகூடத் தெரியாம உட்கார்ந்திருக்கீங்களான்னு பாருங்க, இந்த வேலை முழுக்க அதுதான். மெமரி, பாயின்டர்னு கஷ்டமான பாடம் வர்ற வாரத்தத் தாண்டிட்டீங்கன்னா, கிடங்குல டெலிவரி ஆர்டரையும் ஸ்டாக் ஷீட்டையும் கண்ணால ஒத்துப் பாப்பீங்கல்ல, அந்த வேலைய செய்ய பைத்தான் மொழியில ஒரு சின்ன புரோகிராம் எழுதுங்க, எது குறையுது எது கூடுதுன்னு அதுவே பட்டியல் போடணும். டேட்டா மட்டும் நீங்களா கற்பனையா போட்டுக்குங்க, கம்பெனி ஃபைல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க. இன்டர்வியூல வெதர் ஆப்ப விட எனக்கு இதத்தான் பாக்கப் பிடிக்கும்.

அதுக்கப்புறம் தேட வேண்டியது நீங்க காசு கட்டுற கோர்ஸ் இல்ல, உங்களுக்குக் காசு வர்ற கோர்ஸ். வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர்ங்கிற அரசாங்க அமைப்போட கெரியர் கன்வர்ஷன் புரோகிராம்ல (வேற துறைக்கு மாறுறவங்களுக்கானது) கம்பெனி முதல்ல உங்கள வேலைக்கு எடுக்கணும், மாசாமாசம் சம்பளம் வரும், கூடவே பயிற்சி. கம்பெனிக்கு அரசாங்கம் அந்தச் சம்பளத்துல ஒரு பகுதிய கொடுக்குது. சிட்டிசனும் பிஆரும் (நிரந்தரவாசி) சேரலாம். இதுல இடம் பிடிக்கிறதுதான் கஷ்டம், ஆனா உங்கள எடுத்தவங்களுக்கு நீங்க தேறியாகணும், ஃபீஸ் வாங்குறவங்களுக்கு அந்தக் கவலை ஃபீஸ் வாங்குற வரைக்கும்தான். சேர்றதுக்கு முன்னாடி பாண்ட், அதாவது அங்கேயே வேலை பாக்கணும்ங்கிற ஒப்பந்தம், எத்தன மாசம், நடுவுல விட்டா எவ்வளவு திருப்பிக் கட்டணும்னு மட்டும் படிச்சுப் பாத்துடுங்க.

கேள்வி: பேங்க் பேக் ஆபீஸ்ல பதினெட்டு வருஷம், ஆட்குறைப்புல வேலை போயிடுச்சு. வயசு 44, பி.ஏ. எகனாமிக்ஸ், சிட்டிசன். இந்த வயசுல கோடிங் படிக்கலாமா? வீட்டுச் செலவுக்கு என்ன பண்றது? (செங்காங் வாசகர்)

பதில்: அண்ணே, உங்க வயசுக்கு இங்க உதவி நிறைய இருக்கு, அந்தத் தம்பிக்கு அவ்வளவு இல்ல. நாப்பதத் தாண்டின சிட்டிசனுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (கோர்ஸ் ஃபீஸுக்கு அரசாங்கம் தர்ற பணம்) தனியா இருக்கு, குறிப்பிட்ட கோர்ஸ்களுக்குத்தான் செல்லும். முழுநேரமா படிச்சா பயிற்சி அலவன்ஸும் உண்டு, முன்னாடி வாங்கின சராசரி சம்பளத்துல பாதி, மாசத்துக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி, வாழ்நாள்ல மொத்தம் 24 மாசம். நீங்க பாக்குற கோர்ஸ் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையதளத்துல தேடிட்டு அப்புறம் கோர்ஸ் நடத்துறவங்களுக்கு ஃபோன் போடுங்க, கிரெடிட்டுக்கும் கோர்ஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிடணும். டிகிரி இருக்குறதால சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோட என்யூஎஸ்-ஐஎஸ்எஸ் நடத்துற சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் கிராஜுவேட் டிப்ளோமாவையும் பாருங்க, வேற துறை பட்டதாரிங்களுக்காகவே உள்ளது, கம்பெனியில இன்டர்ன்ஷிப்பும் அதுல சேர்ந்திருக்கு.

ஆனா இருபத்தஞ்சு வயசுப் பையன்கூட ஓடி டெவலப்பர் வேலைக்குப் போட்டி போடணும்னு என்ன இருக்கு? செட்டில்மென்ட், அதாவது பணம் கைமாறுற கணக்கு, ஏன் ஒத்து வரலன்னு ராத்திரி உட்கார்ந்து தேடின ஆளு நீங்க. டெஸ்டிங், பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா வேலைக்கு அதுதான் சரக்கு. டேட்டாபேஸ்லேர்ந்து தகவல எடுக்குற எஸ்க்யூஎல் மொழிய நல்லா கத்துக்கிட்டு, கூடக் கொஞ்சம் பைத்தான் தெரிஞ்சா பேங்க் பக்கமே திரும்பிப் போகலாம்.

கேள்வி: அக்கா, நான் திருச்சி, பி.காம். கணவர் இங்க வேலை பாக்குறார், எனக்கு டிபென்டன்ட் பாஸ் (குடும்பத்தோட தங்குறதுக்கான அனுமதி). பூட்கேம்ப் முடிச்சா வேலை, பாஸ் ரெண்டும் நாங்க பாத்துக்குறோம்னு ஒரு இடத்துல சொல்றாங்க. நம்பலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: நம்பாதீங்க தங்கச்சி. 2021 மே 1லேர்ந்து டிபென்டன்ட் பாஸ்ல இருக்குறவங்க வேலைக்குப் போகணும்னா அவங்க பேர்லயே ஒரு வேலை பாஸ் வேணும். அதுக்கு விண்ணப்பிக்கிறது உங்கள வேலைக்கு எடுக்குற கம்பெனி, பாடம் நடத்துறவங்க இல்ல. எம்ப்ளாய்மென்ட் பாஸ்னா பெரும்பாலான துறைக்குக் குறைஞ்சபட்ச சம்பளம் 5,600 வெள்ளி, வயசு ஏற ஏற அதுவும் ஏறும், அதுக்கு மேல காம்பஸ்னு தகுதிய எடைபோடுற புள்ளிக் கணக்கு வேற. அதுக்கு அடுத்த படி எஸ் பாஸுக்குச் சம்பளம் குறைவு, ஆனா கம்பெனிக்கு வெளிநாட்டு ஆள எடுக்குற கோட்டா இருக்கணும். மூணு மாசம் படிச்ச ஒரு ஜூனியருக்காக இவ்வளவும் செய்ய எந்தக் கம்பெனி வரும்னு அவங்ககிட்டயே கேளுங்க. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டும் சிட்டிசனுக்கு மட்டும்தான், மொத்தக் காசும் உங்க கையிலேர்ந்துதான் போகும்.

படிக்க ஆசையா இருந்தா மேல சொன்ன சிஎஸ்50 உங்களுக்கும் இலவசம்தான், அதோட ஃப்ரீகோட்கேம்ப்னு இலவசமா கோடிங் சொல்லித் தர்ற இணையதளமும் இருக்கு. முன்பணம் ஏற்கனவே கட்டியிருந்தா ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க. பணத்தத் திருப்பிக் கேட்டுக் கொடுக்கலன்னா சிங்கப்பூர் நுகர்வோர் சங்கமான கேஸ் (CASE) அமைப்புகிட்ட புகார் கொடுக்கலாம், சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் வழக்கு போடலாம், வக்கீல் வைக்கத் தேவையில்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.