ஹார்ட் டிஸ்க்கை மிரர் செய்துவிட்டால் பேக்கப் வேண்டாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீடு கொடைக்கானல் மலையில் கூக்கால் பக்கம், அடிக்கடி கரண்ட் போகும், டெஸ்க்டாப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி மிரர் செய்யலாமா, செய்துவிட்டால் பேக்கப் கவலை விட்டதா.

அவசியம் செய்யுங்கள். ஆனால் பேக்கப் கவலை விடாது.

நானும் அதே மலையில், பெருமாள்மலையில் இருக்கிறேன். 2018இல் குறிஞ்சி பூத்தபோது மூன்று மாதம் விடாமல் படம் எடுத்தேன், எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடந்தது. நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, திரும்ப வந்த அன்று அரை மணி நேரத்துக்குள் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும்தான். பாதிக்கு மேல் படங்கள் போய்விட்டன. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூப்பது, அடுத்தது 2030. இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் மிரர் போட்டேன். ரெய்டு 1 என்பதும் இதுதான், எழுதுகிற ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதியும், ஒன்று செத்தாலும் மற்றது வேலையை நிறுத்தாமல் ஓட்டும். இரண்டு டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு டெராபைட்தான், நாலு இல்லை.

பயாஸில், அதாவது கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங்கில், ரெய்டு வசதி இருந்தாலும் அதில் போகாதீர்கள். அது மதர்போர்டை நம்பி நிற்பது. போர்டு போய்விட்டால் அதே வகையைத் தேடி திண்டுக்கல், மதுரை என்று அலைய வேண்டும். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இருக்கிறது, புது பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) உருவாக்கி டூ-வே மிரர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை இதில் சேர்க்க முடியாது, அது தனி எஸ்எஸ்டியில் இருக்கட்டும். முக்கியமானது: பூலில் சேர்க்கும்போது டிஸ்க்கில் இருப்பது மொத்தமும் அழியும், அதனால் முதலில் எல்லாவற்றையும் வேறெங்காவது நகலெடுத்து, நாலு ஃபைலைத் திறந்தும் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அதில் தகவல் பதியும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் அந்தத் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், நடுவில் ஒரு ஓடு மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டியிருப்பதுபோல எழுதுவது இழுக்கும், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டு மிரரைத் திரும்பக் கட்டும்போது அந்த இழுவை நன்றாகவே தெரியும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்க வேண்டாம், ஒரே பேட்ச் என்றால் ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு கூடுதல்.

இனி யாரும் சொல்லித்தராத விஷயம். 2022 ஆடி மாதம் எனக்கு ஒரு டிஸ்க் செத்தது. கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடியது, படங்கள் திறந்தன, விண்டோஸ் காட்டிய சின்ன எச்சரிக்கையை வீட்டில் யாரோ மூடிவிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருக்கிறது! அதனால் மாதம் ஒரு தடவை ஸ்டோரேஜ் ஸ்பேசஸைத் திறந்து பாருங்கள், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரையும் போட்டுப் பாருங்கள், நீலம் இருந்தால் சரி, மஞ்சள் வந்தால் அன்றைக்கே புது டிஸ்க்குக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கேபினட்டைத் திறந்தால் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நிறம், இரண்டு டிஸ்க். எது செத்தது? நல்லதைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது. மாட்டும்போதே சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தைப் பேப்பர் டேப்பில் பெரிதாக எழுதி, திறந்தவுடன் கண்ணில் படுகிற ஓரத்தில் ஒட்டிவையுங்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளிலும் அதையே ஒட்டுங்கள். செத்த டிஸ்க் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ திரையில் தெரியாமல்கூடப் போகலாம், அப்போது தெரிகிற நம்பர் நல்லது, மற்றதைக் கழற்ற வேண்டும். ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டிஸ்க்கின் மேல் ஊசித்துளை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பக்கத்தில் மூடாதே என்று எழுதியிருக்கும். டிஸ்க் மூச்சுவிடும் வழி அது. உள்ளே படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட் காற்றின்மேல்தான் மிதக்கிறது, உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும். (நம் உயரத்தில் டிஸ்க் ஓடுமா என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை சுமார் 3,000 மீட்டர் வரை ஓடக்கூடியவை, கொடைக்கானல் 2,100 சொச்சம்தான்.)

சரி, பேக்கப்புக்கு வருகிறேன். நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் மிரர் அந்த நொடியே இரண்டிலும் அழித்துவிடும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினாலும் இரண்டிலும்தான். இடி இறங்கி எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனால், இரண்டு டிஸ்க்கும் அதே எஸ்எம்பிஎஸ்ஸில்தானே தொங்குகின்றன. அதனால் ஒரு யூபிஎஸ் கட்டாயம், கரண்ட் போனதும் ஒழுங்காக ஷட் டவுன் செய்ய ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தால் ஒன்றில் பதிந்து மற்றதில் பதியாமல் போகலாம்.

அதோடு வீட்டுக்கு வெளியே மூன்றாவது ஒரு டிஸ்க். என்னுடையது வத்தலக்குண்டில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வைக்கிறேன், கீழே போகும்போது புது நகலைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். ஒரு தடவை அக்கா பையைப் பிரித்ததும் டிஸ்க்கின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது, மலைக்குளிர் இரும்பில் கீழ்க்காற்று பட்டதால். அந்த நிலையில் சொருகினால் போச்சு. இப்போதெல்லாம் ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடிக் கொண்டுபோகிறேன், போய்ச் சேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கவரைப் பிரிப்பது.

உங்கள் கேபினட்டில் எத்தனை சாட்டா போர்ட் காலி, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று எழுதுங்கள், எந்த அளவு டிஸ்க் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.