அரச வைத்தியசாலையில் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்பவர் யார்? என்ன படித்திருக்க வேண்டும்?

நோயோ காயமோ வந்தபின், அன்றாட வேலைகளை நாங்களே செய்யத் திரும்பப் பழக்குபவர்தான் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

பிசியோதெரபிஸ்ட் இருக்க இவர் எதற்கு? கை அசைவது வேறு, அந்தக் கையால் சோறு குழைத்துச் சாப்பிடுவது வேறு. லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின் கராஜில் ஸ்ராட் ஆகிவிடும். சேற்றில் இறக்கினால்தான் உழுமா என்று தெரியும். இவர் சேற்றில் நின்று பார்ப்பவர்.

பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த ஒரு அம்மா கறிக்கு வெட்டவேண்டும். ஒரு பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணியை நிமிர்த்தி அடித்து, கத்தரிக்காயை அதில் குத்தி நிறுத்தி, இடக்கையால் வெட்டப் பழக்குவார். அகப்பைக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கித் தருவார். சின்ன வேலைதான், ஆனால் அடுப்படி திரும்ப அவவின் கைக்கு வந்துவிடும்.

வன்னியில், போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மணல் முற்றத்தில் சக்கர நாற்காலி புதையாமல் பாதை போடுவது, படுக்கைப்புண் வராமல் இருந்த இருப்பிலேயே பாரம் மாற்றுவது, மலசலகூடத்துக்குக் கைபிடி வைப்பது எல்லாம் இவரிடம் கேட்கவேண்டியவை. வளர்ச்சி பிந்திய பிள்ளைகளையும் மனநலப் பிரிவில் இருப்பவர்களையும் இவர் பார்ப்பார்.

படிப்பு: உயர்தர விஞ்ஞானப் பிரிவு, பிறகு சுகாதார அமைச்சின் டிப்ளோமா அல்லது களனிப் பல்கலைக்கழகப் பட்டம். இலங்கை மருத்துவ சபைப் பதிவும் வேண்டும்.

பெயரைப் பார்த்து வேலை எடுத்துத் தருபவர் என்று நினைக்கவேண்டாம். இங்கே ‘தொழில்’ என்பது குளிப்பது, உடுப்பது, பிள்ளை விளையாடுவது எல்லாம்தான்.