பனிக்காலத்துக்கு முன்னால் வீடும் தோட்டமும்: கேள்வி பதில்

ஏற்காடு, நாகலூர்: அண்ணா, கார்த்திகை வந்தால் படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது.

இந்த வருஷம் பெயின்ட் காசை மிச்சம் பிடியுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கிற பெயின்ட் தை மாதம்கூடத் தாங்காது. ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலேயே இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

சுவர் ஈரமென்றால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண் மேடாகியிருக்கும், அல்லது ஓட்டு ஓரத்தில் தண்ணீர் பிடிக்கிற தகரத்தைச் சில்வர் ஓக் சருகு அடைத்திருக்கும். சுவரோரம் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, கேட்டால் அழகுக்கு என்பார்கள். அறை ஈரமென்றால் உள்ளே துணி காயப் போடாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் இருக்கும்போது சன்னலைத் திறந்து, மூடுபனி இறங்குமுன் சாத்திவிடுங்கள்.

பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வீடு முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

ஏற்காடு: ராத்திரி அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு படுக்கலாமா? சன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைப்போம்.

வேண்டாம். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் திறந்த சன்னலை நம்பாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

சேலம், அஸ்தம்பட்டி: வெளிநாட்டு வீடியோவில் தண்ணீர்க் குழாய்க்கெல்லாம் உறை சுற்றுகிறார்கள். ஏற்காட்டு வீட்டுக்கும் செய்யணுமா சார்?

அங்கே குழாய்க்குள் தண்ணீர் உறைகிறது. உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அந்தச் செலவில் ஓடு மாற்றுங்கள்.

வாழப்பாடி: எங்கள் மாமரம் மார்கழியில் நன்றாகத்தான் பூக்கிறது. அப்புறம் பூவெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து உதிர்கிறது.

அது சாம்பல் நோய். பகல் வெயிலும் ராத்திரிப் பனியும் சேர்ந்தால் வரும். பூங்கொத்து எட்டிப் பார்க்கும்போதே நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலையில் தெளியுங்கள். பூ முழுக்க விரிந்தபின் தெளிக்க வேண்டாம், தேனீயும் ஈயும் வந்தால்தானே காய். இன்னொன்று, கார்த்திகையிலேயே மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அப்போது ஊற்றினால் பூவுக்குப் பதில் தளிர் ஓடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் ஊற்றலாம்.

சேலம், அம்மாபேட்டை: மாடியில் இப்போது என்ன விதைக்கலாம்? எங்கள் அக்கா சொன்ன மாதிரி கேரட் வருமா?

வரும். முள்ளங்கி, பீட்ரூட், காலிபிளவரும் போடுங்கள். தண்ணீர் காலையில் மட்டும்.

ஓமலூர்: மழை நின்றதும் டிரம்மைக் கவிழ்த்துவிட்டோம். போதும்தானே?

போதாது. டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்தால் பொரிக்கும். நாரால் உள்பக்கம் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கவிழுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம் என்றால் வாரம் ஒருமுறை.