குதிரையிலிருந்து விழுந்து 7 மாதம் ஆகியும் வலி போகவில்லையா?

கேள்வி: எனக்கு 38 வயது. 7 மாதங்களுக்கு முன் கொடைக்கானல் ஏரிப் பக்கம் குதிரைச் சவாரி போனபோது, பைக் ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு குதிரை என்னைத் தள்ளிவிட்டது. வலது கையை ஊன்றி, பின்பக்கம் அடிபட விழுந்தேன். அடுத்த சில நிமிடங்கள் நடந்தது நினைவில் இல்லை. தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பினார்கள். முதுகுக்கு எதுவும் எடுக்கவில்லை. இன்றும் தோசைக்கல்லைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கடுக்கிறது. தலைவலி, மறதி வேறு. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். சூப்பர்மேன் நடிகருக்கு நேர்ந்ததைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. இது நிரந்தரமாகிவிடுமா? மறுபடி குதிரை ஏறலாமா?

பதில்: நிச்சயம் மனப்பிரமை இல்லை. குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில் இருக்கும். மட்டக் குதிரையானால் சற்றுக் குறையும். அங்கிருந்து விழுவதைத் தடுக்கி விழுந்ததோடு சேர்க்கவே கூடாது.

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த போட்டி ஒன்றில், தடையைத் தாண்டாமல் குதிரை சட்டென நின்றுவிட்டதால் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் நொறுங்கி, தண்டுவடம் அந்த நொடியே பாதிக்கப்பட்டது. 7 மாதமாக நீங்கள் நடமாடி, வீட்டு வேலையும் பார்க்கிறீர்கள். அப்படியொரு பாதிப்பு உங்களுக்கு இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மணிக்கட்டுதான். கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மற்ற கையின் விரலால் அந்தக் குழியை அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற எலும்பில் முறிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முந்திரிப் பருப்பு போல வளைந்த சின்ன எலும்பு அது. கையை ஊன்றி விழுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் உடையும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சகஜம் என்பதால்தான், வலி இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வோம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல், எலும்பு கூடாமலே நின்றுவிடலாம். அப்படியே விட்டால் சில வருடங்களில் மணிக்கட்டு மூட்டு தேயத் தொடங்கும். எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்து, கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். எலும்பு கூடவில்லை என்றாலும் எலும்புத் துண்டு ஒட்டி, திருகாணி போட்டுச் சரிசெய்ய வழி உண்டு. தள்ளிப்போடத்தான் கூடாது. அதுவரை சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் உருவி விடச் சொல்லாதீர்கள்.

அடுத்து தலை. ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. எடுக்கிறோம். மூளை குலுங்கியதால் அதன் வேலையில் வரும் தடுமாற்றம் அதில் தெரியாது. நடந்தது நினைவில் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், ஆனாலும் படிப்படியாகக் குறைகிற விஷயம்தான். தூக்கம் கெட்டிருக்கிறதா, கழுத்து இறுக்கமாக இருக்கிறதா, மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போடுகிறீர்களா என்று பாருங்கள். அடிக்கடி போடும் மாத்திரையே தலைவலியை நீடிக்க வைக்கும். படுக்கையில் புரளும்போது தலை சுற்றினால் அது உள்காதின் கோளாறாக இருக்கலாம். தலையைச் சில நிலைகளில் திருப்பும் பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடும். விழுந்த பிறகு மாதவிடாய் தப்புகிறது, ஓயாத அசதி என்றால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் பரிசோதனை தேவை. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தியோ ஒரு பக்க பலவீனமோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

பின்பக்கம் மோத விழுபவர்களுக்கு முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் முள்ளெலும்பு நசுங்குவது உண்டு. உங்களுக்கு அங்கே படமே எடுக்கவில்லை. நின்றபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உட்காரும் இடத்திலேயே வலி என்றால் வால் எலும்பு அடிபட்டிருக்கலாம்; பின்பக்கம் வெட்டுவிட்ட குஷனும் பிசியோதெரபியும் உதவும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினாலோ, சேணத்தில் படும் இடங்கள் மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மறுபடி குதிரை ஏறலாமா? ஏறலாம், இப்போது வேண்டாம். மணிக்கட்டின் நிலை தெளிவாகி, முதுகெலும்பு உறுதி என்று தெரிந்து, தலைவலி முழுசாக நிற்கட்டும். மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் குணமாக இன்னும் நாளாகும். அப்புறம் போவதென்றால் சாலையோரச் சவாரியைத் தவிர்த்து, வேலி போட்ட மைதானத்தில் பயிற்சியாளர் பிடித்து நடத்தும் குதிரையில் தொடங்குங்கள். தாடைப்பட்டையுடன் கூடிய சவாரி ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் ஆகாது. ஆனால் ரீவும் ஹெல்மெட் போட்டிருந்தார். கழுத்தை அது காப்பாற்றாது. செருப்போடு ஏறாதீர்கள். சற்றே குதிகால் உயர்ந்த ஷூ போட்டால், விழும்போது கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) நழுவிச் சிக்காது.