கணக்கு வராது என்கிற பிள்ளை

கேள்வி: ஏழாம் வகுப்பு வரை கணிதத்தில் 70-க்குக் குறையாமல் வாங்கிய என் மகன், ஒன்பதாம் வகுப்பு ஜூன் பரீட்சையில் 41 வாங்கியிருக்கிறான். "அப்பாவைப் போல எனக்கும் கணக்கு வராதம்மா" என்று சொல்லி, அடுத்த ஆண்டு கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசியை எடுக்கப்போவதாக அடம்பிடிக்கிறான். என் கணவர் தச்சு வேலை செய்கிறார். மகன் விருப்பத்துக்கே விட்டுவிடலாமா? பரீட்சைத் தாளையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அன்புள்ள சகோதரி, இப்போதே விட்டுவிட வேண்டாம். கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டரசிக்கு இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் கடினம். பொறியியலும் மருத்துவமும் கேட்பது கணிதத்தைத்தான்.

நியூயார்க்கில் ஏழாம் வகுப்பில் சேர்ந்த 373 மாணவர்களை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து, உளவியலாளர் கரோல் டுவெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது என்று எண்ணிய பிள்ளைகளும், உழைக்க உழைக்க வளரும் என்று எண்ணிய பிள்ளைகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். ஆனால் பருவத்துக்குப் பருவம் அவர்களுடைய கணித மதிப்பெண்களுக்கிடையே இடைவெளி விரிந்துகொண்டே போனது. மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலில்தான் காரணம் தெரிந்தது: முதல் சாரார் அந்தப் பாடத்திலிருந்தே ஒதுங்கப் பார்த்தார்கள், மற்றவர்கள் கூடுதலாகவோ வேறு முறையிலோ படிக்க முனைந்தார்கள். உங்கள் மகன் இப்போது ஒதுங்கத்தான் பார்க்கிறான்.

அதற்காக, "உன்னால் முடியும்" என்று நாள்தோறும் சொன்னாலே போதும் என்று நான் எழுதமாட்டேன். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018-இல் பார்த்தபோது, அறிவு வளரும் என்ற எண்ணத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பொதுவாக மெலிந்ததாகவே தெரிந்தது. நம்பிக்கை மதிப்பெண்ணை உயர்த்துவதைப் போலவே மதிப்பெண்ணும் நம்பிக்கையை உயர்த்துகிறது. ஆகவே கையில் பிடித்துக் காட்டக்கூடிய முன்னேற்றம் ஒன்று அவனுக்கு வேண்டும்.

நீங்கள் அனுப்பிய தாளில் தவறிய பன்னிரண்டு கணக்குகளில் ஏழில் ஒரே பிழைதான் இருக்கிறது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும்போது, உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுகிறான். 3 − (எக்ஸ் − 4) என்பதை 3 − எக்ஸ் − 4 என்று எழுதிவைத்திருக்கிறான். இது பரம்பரைச் சொத்து அல்ல. இந்த ஒரு வகையில் மட்டும் நாளுக்குப் பத்துக் கணக்குகள் என்று இரண்டு வாரம் போடச் சொல்லி, ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அளவு பிசகாமல் அலமாரி செய்கிற மனிதருக்குக் கணக்கு வராது என்பதை நம்ப நான் தயாராக இல்லை. விளையாட்டுக்குக்கூட அவர் அதை மகன் காதில் விழச் சொல்ல வேண்டாம்.

பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்புவதற்கு முன், அடுத்த பரீட்சைத் தாளை ஜூன் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஏழு பிழைகள் எத்தனையாகக் குறைந்திருக்கின்றன என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். அதன் பிறகும் மேத்ஸ் லிட்டரசிதான் வேண்டும் என்றால், எடுக்கட்டும்.